வௌவாலுக்கும் காய்ச்சல் வரும்

மலேசியாவின் கூலிம் ஊர் கிளினிக்கில் எனக்கு முன் வரிசையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் நிறைமாதம்; இருமிக்கொண்டே இருந்தாள். கழுத்தில் யூனிவர்சிட்டி அட்டை மாட்டியிருந்த இளையவள் திடீரென்று சொன்னாள்:

“பாலைவனத்து வௌவாலும் உங்கள மாதிரிதான் அண்ணி.”

“என்ன லா பேசுற நீ?”

“நெசமாத்தான். லேப்ல படிச்சோம். சினையா இருக்கிற சீசன்ல அதுங்களுக்கும் நோய எதிர்க்கிற சக்தி கொறஞ்சிடுமாம். தெம்பெல்லாம் குட்டிக்குப் போயிடுது.”

“மழையில நனைஞ்சதாலதான் காய்ச்சல்னு அதுங்கள யாரும் திட்டலையா?”

மூத்தவள் இருமி முடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

“போன தடவ காய்ச்சல் வந்து பிள்ள தங்காமப் போச்சு. நான் கவனமா இல்லன்னு உங்கம்மா இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க.”

“அது உங்க தப்பு இல்ல அண்ணி.”

“என்கிட்ட ஏன் சொல்ற? அவங்க வெளிய காடியிலதான உக்காந்திருக்காங்க. போய் அவங்ககிட்ட சொல்லு.”

இளையவள் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். வெளியே காரின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் நம்பரைக் கூப்பிடும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.