ஹால்வர் பேசாத அரை நிமிடம்

இங்கே காப்பி நன்றாக இருக்கிறது. எங்கள் பள்ளியில் இயந்திரம் தரும் காப்பியை மாணவர்கள்கூடப் பாதியில் கொட்டிவிடுவார்கள். அந்த ஒலிப்பதிவுக் கருவியை என் பக்கம் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள். ஜன்னலோரம் இருந்தால் என் குரலைவிடப் பேருந்துச் சத்தம்தான் அதிகம் விழும்.

பெயர் டோருன். இந்த ஊர்த் திரைப்படப் பள்ளியில் படத்தொகுப்பு சொல்லித் தருகிறேன். முதல் வாரம் அடிப்படைதான்: ஷாட் என்றால் என்ன, எங்கே கட் செய்வது. பிறகு மௌனத்துக்கு வருவேன். எந்த அறையில் படம் எடுத்தாலும் கிளம்பும் முன் எல்லோரும் அரை நிமிடம் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். அந்த அறையின் மௌனத்தைப் பதிவு செய்துகொள்வோம். குளிர்பெட்டியின் முனகல், வெளியே அலை, இப்படி ஏதாவது ஒன்று அதில் இருக்கும். பேச்சுக்கு நடுவே ஓட்டை விழும் இடங்களில் அதை வைத்து ஒட்டுப் போடலாம். புதியவர்கள் அந்த நேரத்தில் கேமராவை அணைத்துவிடுவார்கள். நான் அணைப்பதில்லை.

சிக்னே என் மாணவி. கெட்டிக்காரி, சட்டென்று அழுதுவிடுவாள். நான்கு வருடங்களுக்கு முன், மலைகளுக்கு நடுவே நுழையும் இந்த ஃபியோர்டுக் கடலில் மூழ்கிப்போன லிவ் என்ற சிறுமியைப் பற்றி இறுதியாண்டுப் படம் எடுக்கக் கிளம்பினாள். விபத்து என்று போலீஸில் நீங்கள் முடித்துவைத்த விஷயம். வேறு கதை பார் என்று சொன்னேன். கேட்கவில்லை.

ஹால்வரைப் பேட்டி எடுக்க வேண்டிய அன்று அவளுக்குக் காய்ச்சல். நான் தனியாகப் போனேன். ஹால்வர் படகுகளை வாடகைக்கு விடுகிறவர். லிவ் காணாமல் போன அன்று மாலையே மீன் பிடிக்க வடக்கே போய்விட்டார். அவர் திரும்பியபோது அடக்கமே முடிந்திருந்தது. படகு ஏதாவது குறைகிறதா என்று மட்டும் உங்கள் ஆள் ஒருவர் தொலைபேசியில் கேட்டாராம்.

“என்ன டோருன், என் மூஞ்சியப் போய்ப் படம் புடிக்க வந்திருக்கே? கேமரா தாங்குமா?” என்று சொல்லிக்கொண்டே சுடச்சுட வாஃபிள் வைத்தார். மேலே பழுப்புப் பாலாடைக்கட்டி, தாராளமாக.

சிக்னேவின் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்தேன். அன்றைக்கு லிவ்வைப் பார்த்தீர்களா என்பது அவற்றில் ஒன்று.

“பாத்தேனே. உன்கூடத்தான பாறைப் பக்கம் போனா? கேமரா பைய நான்தான் தூக்குவேன்னு உன்கிட்ட அடம் வேற. நீ கிளம்பின பின்னாடி தனியா அங்கயே நின்னிருப்பா போல. பாவம் புள்ள.”

துளி சந்தேகமில்லாமல் சொன்னார். சங்கடமே அதுதான். அன்று முழுக்கப் பள்ளியில் இருந்ததாக நான் உங்களிடம் சொல்லியிருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. தெரியாதவர் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வார். கடையில் ரொட்டி வாங்கும்போது சொல்வார்.

நன்றி சொன்னேன். அறையின் மௌனம் வேண்டும், கொஞ்சம் பேசாமல் இருங்கள் என்றேன்.

“நான் பேசாம இருக்கணுமா? என் பொண்டாட்டி உசிரோட இருந்திருந்தா உனக்குக் கோயில் கட்டியிருப்பா.”

சிரித்துவிட்டு அடங்கினார். கைகளைப் பார்த்தார். எச்சில் விழுங்கினார். ஒருமுறை ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். சும்மா இருக்கச் சொன்னால் எல்லோரும் செய்வதுதான்.

பிறகு செய்தது எளிய வேலை. கேள்வியைச் சிக்னேவின் குரலில் புதிதாகப் பதிவு செய்தோம். ‘அன்னிக்கு லிவ்வப் பாத்தீங்களா?’ கட். ஹால்வரின் முகம், க்ளோஸ்-அப். அந்த அரை நிமிடம் முழுசாக. கட். லிவ்வின் பள்ளிக்கூடப் புகைப்படம். எந்த உணர்ச்சியும் இல்லாத முகத்துக்குப் பக்கத்தில் எதை வைக்கிறோமோ, பார்க்கிறவர்கள் அதை அந்த முகத்தில் படித்துக்கொள்வார்கள். முதல் வாரப் பாடம் இது. பொய்யென்று அதில் ஒரு நொடிகூட இல்லை. எல்லாம் அவருடைய சொந்த முகம்.

சிக்னே திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இவர் பதிலே சொல்லலையா?”

“நீயே பாக்கறியே,” என்றேன்.

அழுதாள். சொன்னேனே, சட்டென்று அழுதுவிடுவாள்.

ஊர் மன்றத்தில் படத்தைத் திரையிட்டோம். லிவ்வின் அம்மா, ராக்னில் என்று பெயர், முன்வரிசையில் இருந்தாள். ஹால்வர் சவரம் செய்து, நல்ல கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். விளக்கு போட்டதும் எழுந்து நின்றார்.

“இல்ல, நான் பேசினேன். டோருன், சொல்லு இவங்ககிட்ட. அவ உன்கூடப் போனான்னு சொன்னேன்ல?”

“அசிங்கமா இல்ல உனக்கு?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “மாட்டிக்கிட்டதும் அந்தம்மா மேல தூக்கிப் போடறியா?”

ராக்னில் என் பக்கம் திரும்பினாள். “நீ அங்க இருந்தியா, டோருன்?”

“ஹால்வருக்கு உடம்பு சரியில்ல போலிருக்கு,” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். இரக்கம் இருந்தால் அப்படித்தான் சொல்ல வரும்.

அதன் பிறகு அவரிடம் யாரும் படகு எடுக்கவில்லை. கடைக்காரி மீதிச் சில்லறையை அவர் கையில் தராமல் மேஜைமேல் வைத்தாள். அவர் வீட்டுக் கதவில் யாரோ தார் பூசினார்கள். என் வீட்டுக்கு வந்து மணியை அடித்துப் பார்த்தார். நான் திறக்கவில்லை. ஒரு காலையில் அவர் படகு ஆளில்லாமல் எதிர்க்கரையில் ஒதுங்கியிருந்தது. லைஃப் ஜாக்கெட் உள்ளே ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அடக்கத்துக்குப் போனேன். பூ அனுப்பியதும் நான் மட்டும்தான்.

போன வாரம் வேறொரு படத்துக்கு அலைச்சத்தம் தேடிய சிக்னே, ஹால்வர் பேட்டியின் மூலப்பதிவை முழுக்கக் கேட்டுவிட்டாள். நேராக உங்களிடம் வந்தாள். ஏன் அழித்துவிடவில்லை என்று நீங்கள் கேட்டீர்கள். மூலப்பதிவை அழிக்கிறவர்களை நான் என் வகுப்பில் சேர்ப்பதில்லை.

பாறையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். லாங் ஷாட்டில் ஆள் தலை முதல் கால் வரை தெரிய வேண்டும். வகுப்பில் காட்ட எனக்கு ஒன்று தேவைப்பட்டது. பக்கத்து வீட்டு லிவ் நான் நிற்கிறேன் என்றாள். பாறை விளிம்புப் பக்கம், கடல் வெளிச்சம் அவளுக்குப் பின்னால் வரும்படி நிறுத்தினேன். முகம் தெரியாது, நிழலுரு மட்டும். சட்டகத்தில் பாதம் வெட்டுப்பட்டது. என் முதுகுக்குப் பின்னால் பாறைச் சுவர். நான் நகர முடியாது. அவளைப் பின்னால் போகச் சொன்னேன்.

“இன்னும் போகணுமா?” என்று கேட்டாள்.

“இன்னும் கொஞ்சம்,” என்றேன்.

பாதம் சரியாக வந்தது. பிறகு அவள் இல்லை. கீழே தண்ணீரில் கொஞ்ச நேரம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மிதவை வளையம் படகுத்துறையில் தொங்கியது. ஓடினால் எட்டியிருக்கும். நின்று யோசித்தேன். அவள் பிழைத்தால், பின்னால் போகச் சொன்னது யார் என்று சொல்வாள். பள்ளியில் இருக்க விடமாட்டார்கள். யோசித்து முடித்தபோது சத்தம் நின்றிருந்தது.

அந்த ஷாட்டை வீணாக்கவில்லை. அவள் விழுவதற்குச் சற்று முன்னால் கட் செய்து, வருடா வருடம் வகுப்பில் காட்டுகிறேன். சிக்னேவும் லாங் ஷாட்டை அதில்தான் கற்றாள்.

கையெழுத்து எங்கே வேண்டுமோ போடுகிறேன். ஒன்று மட்டும் சரியாகப் பதிவாகட்டும்: இருவரையும் நான் தொடக்கூட இல்லை. இரண்டு படங்களையும் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் நான் சட்டகத்துக்கு வெளியேதான் இருக்கிறேன்.