டிரம் நிறையட்டும்

டின்னில் அடைத்த குளிர்பானம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, ஃபாதர். ஒரு வாய் குடித்தாலே ஏப்பம். ஆனால் இந்த ஒன்றரை வருடமாக நம் ரிச்சர்ட்ஸ் டவுனில் யார் எங்கே டின்னைத் திறந்தாலும் என் ஞாபகம்தான் வந்திருக்கும். டின்னைத் திறக்க மேலே சின்னதாக ஒரு வளையம் இருக்கிறதே, அதைத் திருகி எடுத்து என்னிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். 'ரிங் அங்கிள்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஆயுள் முழுக்க பாங்கில் வேலை பார்த்தேன். அங்கே ஹெர்பர்ட் என்று ஒருவன் இருந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது.

விசாரிக்க வந்திருக்கிறீர்கள். கேளுங்கள். ஒளிக்க இனி என்னிடம் ஒன்றுமில்லை. ஒளித்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

ரெமிஜியஸ் என் எதிர்வீட்டுக்காரன், சின்ன வயதுச் சிநேகிதன். சிட்டி பஸ் ஓட்டினான். சர்க்கரை வியாதியில் இரண்டு காலையும் எடுத்துவிட்டார்கள். மனைவி முன்பே இறந்துவிட்டாள். மகள் லவினாதான் அவனைப் பார்த்துக்கொண்டாள். அவள் கல்யாணத்தில் அவளைக் கைபிடித்துப் பீடம்வரை கூட்டிப்போக வேண்டும், அந்த ஒரே ஆசைதான் அவனுக்கு. நாற்காலியோடு தூக்கிப் போகிறோம் என்று ஆட்கள் முன்வந்தார்கள். அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

"நாலு பேரு தூக்கினு போறது ஒரு தபாதான்டா. அதுக்கு இன்னும் டைம் இருக்குது" என்று சிரித்தான்.

வெளிநாட்டில் இந்த வளையங்களை ஒரு டிரம் நிறையச் சேர்த்துக் கொடுத்தால், உருக்கி விற்று ஒரு சக்கர நாற்காலி தருகிறார்கள் என்று கல்ஃபிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் நான் எழுந்துபோய்ப் பீடத்தருகே நின்று அறிவித்தேன். உங்களுக்கும் நினைவிருக்கும். பீர் டின்னும் செல்லும் என்று சேர்த்துச் சொன்னேன். அன்றிலிருந்து நம் பாடற்குழு ஆண்களின் தர்ம சிந்தனை அபாரமாக வளர்ந்தது.

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறவர்கள் கம்பெனி காரில் மூட்டை மூட்டையாக டின்களை அனுப்பினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து ரெமிஜியஸ்தான் வளையங்களைத் திருகி எடுத்தான். ஸ்டீயரிங் பிடித்த கை, அசராது. நான் கேட்டைத் திறந்தால் போதும், குரல் கொடுப்பான்.

"இன்னாடா ஹெர்பர்ட், நம்ம வண்டி எங்க வந்துகினு இருக்குது?"

"சிவாஜிநகர் ஸ்டாண்டுல நிக்குதுடா. டிரைவர் டீ குடிக்கிறான்."

தெருவே சிரிக்கும். அப்படி ஒரு கலகலப்பை நம் தெரு அதற்கு முன் கண்டதில்லை, ஃபாதர்.

பழைய சாமான் கடைக்காரர் சந்திரனிடம் ஒருநாள் விசாரித்தேன். அவர் ஒரு பிடி வளையத்தைக் கையில் குலுக்கிப் பார்த்தார். "முழு டின்ன குடு சார். இத்த மட்டும் டிரம்மு நெறைய குடுத்தாலும் ஒரு சக்கரம்கூட வராது" என்றார். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. பலிபீடத்தருகே நின்று சொன்ன வார்த்தை அல்லவா?

கடவுள் கைவிடவில்லை. அந்த வாரமே ரகுராம் என்ற இன்ஜினியர் கம்பெனி சுமோவில் ஒரு சக்கர நாற்காலியை ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அதிகம் ஓடாத நாற்காலி.

"அப்பா போய்ட்டாரு அங்கிள். இத நீங்களே அவருகிட்ட குடுத்துடுங்க. என் பேரு வேணாம்."

அடுத்த மாதம் அவர் அமெரிக்கா போய்விட்டார்.

நியாயமாக யோசியுங்கள். அன்றே கொடுத்திருந்தால் இத்தனை பேர் சேர்த்த சேர்ப்புக்கு என்ன மரியாதை? டிரம் நிறையும் நாளில், 'இதோ, நீங்கள் சேர்த்ததில் வந்தது' என்று கொடுத்தால் எல்லோருக்கும் சந்தோஷம். அதுவரை இருக்கட்டும் என்று என் பின்னறையில் வைத்துப் பூட்டினேன்.

முதல் டிரம் சின்னது. சீக்கிரமே கழுத்துவரை வந்துவிட்டது. எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. நிறைந்துவிட்டால் அதற்குப் பிறகு யார் வந்து என் கதவைத் தட்டப்போகிறார்கள்? வெளிநாட்டு டிரம் இன்னும் பெரியதாம் என்று சொல்லி ஒரு நீல டிரம் வாங்கினேன். பழையதை அதில் கொட்டினால் முழங்கால் உயரம்கூட இல்லை. ரெமிஜியஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா, வண்டி மறுபடியும் டிப்போவுக்கே பூட்ச்சா?"

அதற்கும் சிரித்தோம். அவன் அடுத்த மூட்டையைப் பிரித்தான்.

பணம் போட்டு வாங்கிவிடலாமே என்று நோரா டீச்சர் கேட்டார். ரெமிஜியஸ் தர்மம் வாங்குகிறவன் இல்லை, தன் கையால் உழைத்துச் சம்பாதிக்கிறான், அதைக் கெடுக்காதீர்கள் என்றேன். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

சக்கர நாற்காலி சும்மா கிடந்தால் டயர் கெட்டுப்போகும். அதனால் சாயங்காலம் அதில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்ப்பேன். முதுகுக்கு இதம். ரெமிஜியஸுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று தினமும் நினைத்துக்கொள்வேன்.

லவினாவின் கல்யாணம் நிச்சயமானது. "அங்கிள், அன்னைக்கு மட்டும் ஒரு வீல்சேர் வாடகைக்கு எடுக்கலாமா?" என்று வந்து கேட்டாள்.

"அவசரப்படாதம்மா. அதுக்குள்ள ரொம்பிடும். வாடக வண்டின்னா அப்பா மனசு ஒடஞ்சிடும்" என்றேன்.

நிரம்பவில்லை. கல்யாணத்தன்று காலையில் ரெமிஜியஸ் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, டை கட்டி, கோட்டு மாட்டி ஜன்னலில் உட்கார்ந்திருந்தான். அன்று வண்டி எங்கே என்று கேட்கவில்லை. தன் கோட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினான். "நீயே கூட்டினு போடா" என்றான். கோட்டு எனக்குக் கச்சிதமாக இருந்தது. பீடம்வரை இரண்டு பக்கமும் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நல்ல கல்யாணம். அன்று சக்கர நாற்காலியைக் கொண்டுவந்திருந்தால் எல்லோர் கண்ணும் அதன் மேல்தான் போயிருக்கும். கல்யாணம் மணப்பெண்ணுடையது அல்லவா?

மறுநாள் லவினா எனக்குக் கேக் எடுத்துக்கொண்டு வந்தாள். வாசற்கதவு திறந்திருந்தது. நான் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சக்கரத்தைப் பார்த்தாள், பிறகு என் கால்களைப் பார்த்தாள்.

"இது எப்ப வந்துச்சு அங்கிள்?"

நேராகக் கேட்டால் நான் பொய் சொல்வதில்லை. "நீல டிரம்மு வாங்கறதுக்கு முன்னாடியேம்மா" என்றேன்.

அவள் கத்தவில்லை. கேக்கை டிவி மேல் வைத்தாள். "எந்திரிங்க" என்றாள். எழுந்தேன். காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தெருவைக் கடந்து போனாள்.

ஆமாம் ஃபாதர், நான்தான் ஒளித்துவைத்தேன். அவன் பெண்ணை அவன் கூட்டிப்போக முடியாமல் செய்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். இப்போது தினமும் அதில்தான் பூசைக்கு வருகிறான், நீங்களே பார்க்கிறீர்கள். தெருவே அவனுக்குக் கை காட்டுகிறது. என் கேட்டருகே வரும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாகத் தள்ளுகிறான். அவனுக்காக ஒன்றரை வருடம் நாயாய் உழைத்திருக்கிறேன். நின்று ஒரு வார்த்தை நன்றி சொல்ல வேண்டாமா? அதை நீங்கள்தான் அவனிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.