வீட்டுக்கு ஒரே சாவி

எங்கள் வீட்டுக்கு ஒரு சாவிதான் மேடம். பூட்டுக் கடைக்காரர் மூன்று கொடுத்தார். மற்ற இரண்டையும் அலுவலகத்தில் என் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டேன். வீட்டில் இருப்பது நானும் என் மகளும்தான். அவள் வருவதற்குள் நான் வந்துவிடுவேன், அப்புறம் அவளுக்கு எதற்குத் தனிச் சாவி, தொலைப்பதற்கா? எனக்கு நேரமாகிவிட்டால் வாசல் படியில் உட்கார்ந்திருப்பாள். மாடி வீட்டுக்காரர் ஒருநாள் இறங்கி வரும்போது, “என்னம்மா, பள்ளிக்கூடம் விட்டாச்சா?” என்று கிண்டல் செய்தாராம். இருபத்தாறு வயதுப் பெண்ணிடம். இதை என்னிடம் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சிரித்துவிட்டேன்.

வீட்டிலிருந்து என் பிரஷர் மாத்திரையை எடுத்துவர உங்கள் ஆளை அனுப்பியதற்கு நன்றி. அந்தப் பூட்டு கொஞ்சம் முரண்டு பிடிக்கும், கதவைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும் என்று சாவியைக் கொடுக்கும்போதே அவரிடம் சொல்லியிருக்கிறேன். பாப்பா காலையிலேயே இந்தப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கிளம்பிவிட்டாள் என்றீர்கள். பாவம், படியில்தான் உட்கார்ந்திருப்பாள். அவர் போய்த் திறந்தால் அவளும் உள்ளே போய்விடுவாள். அவர் திரும்பி வருவதற்குள் நான் சொல்லி முடித்துவிடுகிறேன்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. கம்ப்யூட்டரில் நான் உருவாக்கிய புதிய சாவியை அழிக்கச் சொல்லி வைத்தேன், பிறகு நிறுத்தினேன், மறுபடி அழிக்கச் சொன்னேன், மறுபடி நிறுத்தினேன், இப்படிப் பல தடவை நடந்திருக்கிறதே, மனசாட்சி உறுத்தியதா என்று கேட்டீர்கள். உங்களுக்கு நல்ல மனசு. அதற்கு வருகிறேன்.

முதலில் என் வேலை. ஆம்புலன்சுக்கு ஃபோன் செய்கிறவர்களின் அழைப்புகளெல்லாம் பதிவாகி, எங்கள் நிறுவனத்தின் பொறுப்பில் கிளவுடில் இருக்கின்றன. ஒவ்வொரு பதிவையும் ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு ஒரு குட்டிச் சாவி. அதை வெளியே போட்டுவைக்க முடியாது, அதனால் அதையும் ஒரு பெரிய சாவியால் பூட்டிப் பெட்டியோடே வைத்திருப்போம். பெரிய சாவி யார் கையிலும் இருக்காது. சாவிகளைக் காப்பதற்கென்றே கிளவுடில் ஒரு சேவை இருக்கிறது, அதற்குள்தான் இருக்கும். எந்தச் சாவியை யார் பயன்படுத்தலாம் என்று சொல்கிறவள் நான். ஒரு பதிவை ஒரு பெரிய சாவியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டுமென்றால் பெட்டியைத் திறக்கவே வேண்டியதில்லை. ஒரு கட்டளை போதும். சேவை தனக்குள்ளேயே பழைய சாவியால் திறந்து, புதிய சாவியால் பூட்டித் திருப்பிக் கொடுத்துவிடும். நடுவில் யார் கண்ணிலும் ஒன்றும் படாது. சுத்தமான வேலை. எனக்குப் பிடித்த வேலை.

பாப்பாவுக்கு அந்த ஆம்புலன்ஸ் மையத்தில் வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். என் அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெரு, வீட்டிலிருந்து இருவருக்கும் ஒரே பேருந்து. யாராவது பதறிக்கொண்டு ஃபோன் செய்தால் வண்டி போய்ச் சேரும்வரை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இவள் தாங்குவாளா என்று நினைத்தேன். தாங்கினாள். எவ்வளவு நன்றாகத் தாங்கினாள் என்றால், வெளியூரில் இருக்கும் பெரிய மையத்தில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டு, சிவப்பு நிறத்தில் ஒரு பயணப் பெட்டியும் வாங்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தாள்.

“ரொம்ப தூரம் இல்லம்மா. லீவு கிடைக்கிறப்பல்லாம் வந்துடுவேன்” என்றாள்.

“வராம?” என்றேன். வேறு என்ன சொல்வது?

அவள் அப்பாவும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார். பெட்டி மட்டும் வேறு நிறம். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். அந்தப் பெட்டியைக் கடந்து சமையலறைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு மூச்சு அடைத்தது. பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை. தண்ணீருக்குள் முங்கியவள் எதையாவது பிடித்துக்கொள்ளத் துழாவுவாளே, அப்படி. ஆனால் அவள் முன்னால் ஒருநாளும் அழவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த வாரத்தில்தான் அந்த அழைப்பு வந்தது. ஒரு தகப்பன். குழந்தை பாட்டில் மூடியை விழுங்கிவிட்டது, மூச்சு வரவில்லை. வண்டி போவதற்குள் குழந்தை போய்விட்டது. பாப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அந்தத் தகப்பன் புகார் கொடுத்தார். ஃபோனில் பேசிய பெண் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள், கொடுத்தேன், அதனால்தான் என் பிள்ளை செத்தது என்று.

“நான் அப்படிச் சொல்லவே இல்லம்மா. தண்ணி குடுக்காதீங்கன்னுதான் சொன்னேன். ரெக்கார்டிங்கைக் கேட்டா தெரிஞ்சுடப்போகுது” என்றாள் பாப்பா. தைரியமாகத்தான் இருந்தாள். எனக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதட்டத்தில் நாக்கு என்ன சொன்னது என்று நாக்குக்கே தெரியாது. ஒருவேளை சொல்லியிருந்தால்? பதிவைக் கேட்டால்தானே தெரியும். கேட்காத வரைக்கும் அவள் குற்றவாளி இல்லை. ஒரு தாய் அப்படித்தான் யோசிப்பாள். உங்களுக்கும் பிள்ளைகள் இருக்கும்.

புதிதாக ஒரு பெரிய சாவி உருவாக்கினேன். அதைப் பயன்படுத்த எனக்கு மட்டும் அனுமதி வைத்தேன். அன்றைய அழைப்புகள் எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன், ஒன்றை மட்டும் மாற்றினால் கண்ணை உறுத்தும். எனக்குத் தெரிந்த பழைய பிரதிகளைத் துடைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை இல்லை இது. பூசணிக்காய் வைத்த இடத்திலேயே இருந்தது. யாராலும் நறுக்க முடியாது, அவ்வளவுதான். நான் எதையும் அழிக்கவில்லை, எதையும் கேட்கவும் இல்லை. அன்றைக்கு.

பிறகுதான் அந்தப் புதிய சாவியை அழிக்கச் சொல்லி வைத்தேன். சேவை உடனே அழிக்காது. அவசரப்பட்டவர்கள் மனம் மாறட்டும் என்று தவணை கொடுக்கும். தவணை ஓடும்போது சாவி செத்த மாதிரி கிடக்கும், யாரும் அதைக்கொண்டு எதையும் திறக்க முடியாது. ஆனால் நிறுத்தச் சொன்னால் பிழைத்துக்கொள்ளும். தவணை முடிந்தால் போனது போனதுதான். இருப்பதிலேயே நீளமான தவணையைத்தான் தேர்ந்தெடுத்தேன். நான் கல்நெஞ்சக்காரி இல்லை.

பதிவு திறக்கவில்லை என்றதும் மேலாளர் ஒரு தேடும் குழு போட்டார். சாவி விஷயம் தெரிந்தவள் என்று என்னையே அதற்குத் தலைவியாக்கினார். நானும் தேடினேன். தொழில்நுட்பக் கோளாறு என்று அறிக்கை கொடுத்தேன். பாப்பாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். வெளியூர்க்காரர்கள் இப்போதைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சிவப்புப் பெட்டியை நான்தான் பரணில் ஏற்றினேன்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கடைக்குப் போனால் பேச்சு, படியில் நின்றால் பேச்சு. அவள் வெளியே போவதையே விட்டுவிட்டாள். எங்கேயாவது ஃபோன் மணி அடித்தால் உடம்பு தூக்கிப்போடும். நான் வேலையிலிருந்து வரும்வரை சாப்பிடாமல் இருப்பாள், வந்து பிசைந்து கொடுத்தால் இரண்டு வாய் வாங்கிக்கொள்வாள். சின்னப் பிள்ளையில் அப்படித்தான் சாப்பிடுவாள்.

ஒருநாள் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, “அம்மா, நான் சொல்லலன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். இப்ப யோசிச்சா எனக்கே சரியா ஞாபகம் வரல. சொல்லியிருப்பேனோ?” என்று கேட்டாள்.

நான் அவள் தலையைத் தடவிக்கொண்டே, “பதட்டத்துல யாருக்குத்தான் வராது பாப்பா. விடு” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். சொன்னாய் என்று நான் சொல்லவில்லை.

இப்போது உங்கள் கேள்வி. மனசாட்சி இல்லை மேடம். எனக்குக் கேட்க வேண்டும் என்று இருந்தது. முதல் தடவை, என்னதான் சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளத்தான். தவணையில் கிடக்கிற சாவியால் திறக்க முடியாது என்றேனே, அதனால் அழிப்பதை நிறுத்தினேன். அலுவலகத்தில் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டேன். கேட்டு முடித்ததும் மறுபடி அழிக்கச் சொல்லி வைத்தேன். தவணை முதலிலிருந்து தொடங்கியது. அடுத்த வாரமே மறுபடி கேட்க வேண்டும் போல் இருந்தது. நிறுத்தினேன், கேட்டேன், மறுபடி அழிக்கச் சொன்னேன். சேவை குறித்துவைத்து உங்கள் கைக்கு வந்த பட்டியலில் இருப்பதெல்லாம் அதுதான்.

வேண்டாம், அந்தப் பதிவைப் போட்டுக் காட்ட வேண்டாம். எனக்கு மனப்பாடம். முதலில் அந்த ஆள் கத்துவார். இவள், “அண்ணா, குழந்தையைக் குப்புறப் போட்டு முதுகுல தட்டுங்க. நான் எண்றேன், நீங்க தட்டுங்க” என்பாள். அவர் தண்ணி குடுக்கட்டுமா என்று கேட்பார். “வேண்டாம் அண்ணா, வாயில எதுவும் ஊத்தாதீங்க. தண்ணி வேண்டவே வேண்டாம்.” குரலில் ஒரு நடுக்கம் கிடையாது. பின்னால் ஒரு டம்ளர் சத்தம் கேட்கும். இவள் மறுபடியும் வேண்டாம் என்பாள். பிறகு அவர் அழுதுகொண்டே, “வச்சிடாதீங்கம்மா, வச்சிடாதீங்க” என்பார். அதற்கு இவள் சொல்வாள்: “நான் எங்கயும் போகல. உங்க கூடவேதான் இருக்கேன்.”

நான் திரும்பத் திரும்பக் கேட்டது அந்த இடத்தைத்தான். யாரோ முன்பின் தெரியாத ஒருவருக்கு எவ்வளவு அன்பாகச் சொல்கிறாள். பெற்று, வளர்த்து, இத்தனை வருஷத்தில் எனக்கு அதை ஒரு தடவை சொன்னதில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. குஞ்சுக்குக் காக்கை என்ன?

அவள்மேல் தப்பில்லை என்று முதல் தடவை கேட்டபோதே எனக்குத் தெரியும். அதைத்தானே நீங்கள் கேட்க விரும்பினீர்கள்? தெரியும்.

ஒரு மாலை நான் வீட்டுக்குப் போனபோது பாப்பா இல்லை. கதவு விரியத் திறந்து கிடந்தது. அந்தத் தகப்பன் வீட்டு வாசலில் போய் நின்று, “நான்தான் சார் தண்ணி குடுக்கச் சொன்னேன், என்னை மன்னிச்சிடுங்க” என்று சொல்லியிருக்கிறாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டாராம். திரும்பி வந்தவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விடுவாயோ என்று பயந்துபோய்விட்டேன் என்றேன். அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொன்னாள். “நான் எங்கயும் போகலம்மா. இனிமே எங்க போவேன்? உங்க கூடவேதான் இருப்பேன்.”

அப்போது எனக்கு வந்த நிம்மதியை உங்களுக்கு எப்படிச் சொல்வேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். அதற்குப் பிறகு நான் அழிப்பதை நிறுத்தவில்லை. பதிவு எனக்கு எதற்கு, அதுதான் நேரிலேயே கிடைத்துவிட்டதே. தவணை தன் பாட்டுக்கு ஓடி முடிந்தது. சாவி போயிற்று.

ஒரு ஓட்டையைத்தான் பார்க்காமல் விட்டுவிட்டேன். வேலைக்கு எடுப்பதற்கு முன் அவள் எப்படிப் பேசுகிறாள் என்று பார்க்க அவளுடைய அழைப்புகளின் பிரதி அன்றாடம் அந்த வெளியூர் மையத்துக்குப் போய்க்கொண்டிருந்ததாமே. நான் விடுப்பில் இருந்தபோது யாரோ செய்த ஏற்பாடு. அங்கே அது பழைய பூட்டோடே கிடந்திருக்கிறது. புதிய சாவிக்கு மாற்றினால் பழைய பிரதி செத்துவிடாது, பழைய சாவி இருக்கும்வரை திறக்கும். பழைய சாவியை நான் அழித்திருக்க முடியாது, மற்ற எல்லாப் பதிவும் அதில்தான் இருக்கிறது. என்னிடமிருந்து அவளைப் பிரிக்க இருந்த ஊர்தான் அவளைக் காப்பாற்றியிருக்கிறது. சந்தோஷம்தான். இங்கே உட்காரவைத்து அவளுக்கு அதைப் போட்டுக் காட்டினீர்களே, அப்போது என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா? ஒன்றும் கேட்கவில்லையா? அதிர்ச்சியாக இருந்திருக்கும். வீட்டில் உட்கார்ந்து பேசினால் சரியாகிவிடும்.

உங்கள் ஆள் வந்துவிட்டார். மாத்திரை எங்கே? படியில் யாரும் இல்லையா? சாவி உள்ளேயே நுழையவில்லை, கதவில் புதுப் பூட்டு பளபளவென்று இருக்கிறது என்கிறாரே. தட்டியதற்கு உள்ளே இருந்து ஒரு பெண் குரல், “எங்கிட்ட மட்டும்தான் சாவி இருக்கு. யாருக்கும் திறக்க மாட்டேன்” என்று சொன்னதாமே. அப்படியென்றால் அவர் வேறு வீட்டுக்குப் போயிருக்கிறார். பாப்பா என்னைக் கேட்காமல் ஒரு கரண்டிகூட வாங்க மாட்டாள். சாவி சரியான சாவிதான் மேடம். இன்னொரு தடவை போகச் சொல்லுங்கள். கதவைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு திருப்பச் சொல்லுங்கள்.