காக்கைக்கு வைத்த இலை

“எங்க ஆத்தாவுக்குப் புளிக்கொழம்பு பிடிக்குமா, ஐயா?” என்று செங்கமலம் என்னைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. அன்று ஆடி அமாவாசை. திருமயத்தில் நான் நடத்திவந்த அனாதைப் பிள்ளைகள் விடுதியில், அந்த நாளில் ஒவ்வொரு பிள்ளையும் தன்னைப் பெற்றவளை நினைத்துக் காக்கைக்கு ஓர் இலை வைக்கும். அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியவன் நான்தான். செங்கமலத்துக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அது மனத்தில் கடனாகவே கிடந்தது.

விசாரணைக்கு வந்திருக்கும் நீங்கள் அவளுடைய தாயைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

ஐம்பதாம் வருஷம் மழை இல்லை. அழகி என்ற பெண் அரிமளத்திலிருந்து மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தாள். வால்பாறை எஸ்டேட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள், பிள்ளையோடு வரக்கூடாதாம் என்றாள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்குத்தான் சர்க்கார் உதவி. தகப்பன் உண்மையாகவே இல்லை. பிள்ளையின் உதடு பசியில் வெடித்திருந்தது. பதிவேட்டில், ‘தாய்: காலமானார்’ என்று எழுதினேன். ஒரு பிள்ளை பசியாற இரண்டு சொல். பிள்ளையிடமும் அதையே சொல்லி வளர்த்தேன். அதிகாரி வந்து விசாரித்தால் அது தடுமாறக்கூடாது.

நாலு வருஷம் கழித்து அழகி வந்தாள். பிள்ளைகள் கோயிலுக்குப் போயிருந்தார்கள்.

“எஸ்டேட்ல ரூம்பு குடுத்திருக்காக ஐயா. கதவு இருக்கு, தாப்பா இருக்கு. பள்ளிக்கூடமும் அங்கிட்டே இருக்கு. எம்மவளக் கூட்டிட்டுப் போறேன்.”

காலமானவள் வந்து கேட்டால் பதிவேட்டில் என்ன எழுதுவது? உதவி நின்றுபோகும். முப்பத்தோரு பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள். அவர்கள் போய்விட்டால் அந்தப் பெரிய வீட்டில் நான் ஒருவன்தான் இருப்பேன். ஆனால் அதை நான் நினைக்கவில்லை.

முதலில் அவளைச் சாப்பிடச் சொன்னேன். பசியோடு வந்தவரிடம் கெட்ட செய்தி சொல்லக்கூடாது என்பது என் வழக்கம். இலையை வழித்துச் சாப்பிட்டாள்.

“புளிக்கொழம்புன்னா எனக்கு உசுரு ஐயா. இன்னொரு கரண்டி ஊத்தச் சொல்லுங்க. வெக்கத்தையெல்லாம் மலை மேலயே விட்டுட்டு வந்துட்டேன்” என்று சிரித்தாள்.

கை கழுவ நானே தண்ணீர் ஊற்றினேன். பிறகுதான், பிள்ளை போன வைகாசியில் அம்மை கண்டு இறந்துவிட்டது என்று சொன்னேன்.

அவள் அழவில்லை. “கடைசியா என்னையத் தேடுச்சா?” என்று மட்டும் கேட்டாள். இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டது என்றேன். அது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கிணற்றுக்குப் பின்னால் ஒரு மண்மேட்டைக் காட்டினேன். மகளுக்கென்று கொண்டுவந்த பச்சைப் பாவாடையை அதன்மேல் விரித்துவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

பெற்றவளிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பது குற்றம் என்று சட்டத்தைப் படித்துக் காட்டினீர்கள். சரி, எழுதிக்கொள்ளுங்கள். அழகி ஒருத்திதானா என்று கேட்டீர்கள். இல்லை. அமாவாசைக்குப் போடும் முப்பத்தோரு இலையில் பதினொன்று உயிரோடிருப்பவர்களுக்கு. தேடி வந்தவர்கள் எல்லோரையும் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினேன்.

அழகி வந்துபோன பிறகு வந்த ஆடி அமாவாசையில் மற்றப் பிள்ளைகள் உள்ளே போன பிறகு செங்கமலத்தின் அருகில் சென்றேன்.

“ஒங்க ஆத்தாவுக்குப் புளிக்கொழம்புன்னா உசுரும்மா.”

அவள் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றினாள். அங்கே வேறு யாரும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு நான் பட்டிருந்த கடன் அது ஒன்றுதான். அதைத் தீர்த்துவிட்டேன்.