லவோன் சாப்பிடப் போன நேரம்

"ஹலோ... கவுண்டி கிளார்க் ஆபீஸ், பத்திரப் பதிவு... ஆமா, லவோன்தான் பேசறேன்... அப்பாவா?... பிலிஸ் இல்லப்பா. பல் பிடுங்கப் போயிருக்கா... இன்னிக்கு வரமாட்டா... என்கிட்ட சொல்லுங்க. நானும் இங்கதான் சம்பளம் வாங்கறேன்."

லவோன் பேனாவைக் கீழே வைத்தாள். அப்பா கூப்பிடுவார் என்று காலையிலிருந்தே காத்திருந்தாள்.

"யாருக்கு?... உங்க ஃப்ரெண்டுக்கா. சரி... சரி, பேர் வேண்டாம்... இல்லப்பா, பதிஞ்சதைத் திரும்ப எடுக்க முடியாது. முத்திரை விழுந்தா விழுந்ததுதான்... ஆமா, ஆமா, வியாழக்கிழமை பேப்பர்ல வரும். யார் நிலம் யாருக்குப் போச்சுன்னு வாராவாரம் போடறதுதானே. ஊர்ல முதல்ல அதைத்தான் படிக்கறாங்க. சாவுச் செய்தியெல்லாம் அப்புறம்... யாருக்குத் தெரியக் கூடாது?... அவர் பொண்ணுக்கா. அவர் செத்த பிறகு தெரிஞ்சா போதும்னு நினைச்சாராக்கும்... ம்."

"உங்க ஃப்ரெண்டு நேத்து நான் சாப்பிடப் போன நேரமாப் பார்த்து வந்தாரோ?... சும்மா கேட்டேன். ஆனா பிலிஸ் பதிஞ்சதை நான் சரிபார்க்கணும். நான் பதிஞ்சதை அவ பார்க்கணும். இங்க இருக்கறதே ரெண்டு பேர்... ஆமாப்பா. வரிவரியாப் படிச்சேன். உங்க பிள்ளை ராண்டல் பேரையும் படிச்சேன்."

"வருத்தம்தான். இல்லேன்னு எப்படிச் சொல்ல? அவன் டென்வர்ல உட்கார்ந்துக்கிட்டு கிறிஸ்துமஸுக்குக் கார்டு போடறான். கன்னு போடற சமயமெல்லாம் கொட்டகையில உங்களோட நின்னது நான்... ஆம்பளப் பிள்ளை. ஆமா. தாத்தா காலத்துலருந்தே அப்படித்தான். தெரியும்... சரி. உங்க பண்ணை, உங்க இஷ்டம்."

"இருங்க, வைக்காதீங்க. அந்தப் பத்திரத்தை யார் எழுதினது?... நீங்களேவா. வக்கீலுக்கு எதுக்குத் தண்டம்னு... சரி. நிலத்தோட விவரத்தை எதைப் பார்த்து எழுதினீங்க?... பெட்டியில இருந்த பழைய பத்திரமா. அந்தப் பெட்டியில ரெண்டு பத்திரம் இருக்குப்பா... கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எடுத்துப் பாருங்க. நான் இருக்கேன்."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அப்பா முதல் வரியை மெதுவாகப் படித்தார்.

"அதேதான். லூத்தரன் சர்ச் கல்லறைத் தோட்டம். அம்மா பக்கத்துல உங்களுக்குன்னு வாங்கிப் போட்ட இடம்... ஆமா. அதைத்தான் ராண்டலுக்கு எழுதிக் கொடுத்திருக்கீங்க... பண்ணை எங்கேயும் போகலை, உங்க பேர்லதான் இருக்கு... ஆமா, ஆமா, இனிமே உங்களை அங்க புதைக்கணும்னா அவன்கிட்டதான் கேட்கணும்... சிரிக்கலைப்பா. ஆபீஸ்ல சிரிக்கக் கூடாது."

"கல்லறை இடத்தை அவன் திருப்பி எழுதிக் கொடுக்கணும். அது அவன் கையில இருக்கு... பண்ணையா? அதை யாருக்கு எழுதணும்னு நான் சொல்லக் கூடாதுப்பா. சட்டம் அப்படி. ஆபீஸ் எப்ப மூடும்னு வேணா சொல்றேன்... நாலரைக்கு... யார் பேரைப் போட்டுக் கொண்டுவந்தாலும் முத்திரை போட்டுடுவேன். ராண்டல் பேர்னாலும் போடுவேன். ஆனா ஒண்ணு. நான் சாப்பிடப் போற நேரத்துல வராதீங்க. என் முகத்தைப் பார்த்துக் கொடுங்க."

"...அப்பா?... பேனா எடுக்கப் போறீங்களா? சரி, இருக்கேன்."

"என்னது?... என் முழுப் பேரா?..."

லவோன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

"...அதையும் நான் சொல்லக் கூடாதுப்பா. கவுண்டர் மேல பேர்ப் பலகையில எழுதியிருக்கு. வரும்போது பார்த்து எழுதிக்குங்க... ஆமா. நாலரைக்கு மூடிடுவோம்."