வெள்ளைப் பேசினில் கொப்பளிக்க மறுத்தது பற்றி

பெயர் ஆவுடையம்மாள். வயது 34. கணவர் பெயர் பிச்சைமணி, கார்ப்பரேஷன் கூலி. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். தற்போது குடியிருப்பது மட்டாஞ்சேரி, கூவப்பாடம், பொதுக்கிணற்றுக்கு எதிர் லைன் வீடு. தொழில், கிட்டங்கியில் சரக்கு ஆய்வது. 1978 ஆகஸ்டு 7ந் தேதி மாஜிஸ்திரேட் முன்பாக எதிரி தமிழில் சொல்ல, தமிழ் தெரிந்த குமாஸ்தா வெங்கிடாசலம் எழுதியது.

நான் பஜார் ரோட்டில் ஒரு கிட்டங்கியில் எட்டு வருஷமாக நல்லமிளகு, சுக்கு, கிராம்பு ஆய்ந்து வருகிறேன். எங்களுக்கு மேஸ்திரி சங்கிலிப்பாண்டி. என் கணவரோடு ஒன்றாக மூட்டை சுமந்தவர். சாவிக்கொத்து இடுப்பில் ஏறிய நாளிலிருந்து எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னால் அவருக்குக் காது கேட்பதில்லை. சாயங்காலம் வேலை விட்டதும் பெண்கள் வரிசையில் நின்று முந்தானையை உதறி, கொண்டையை அவிழ்த்துக் காட்டி, கடைசியாக ஒரு மடக்குத் தண்ணீரைக் கொப்பளித்து வெள்ளைப் பேசினில் துப்ப வேண்டும். வாயில் சரக்கு ஒளித்திருந்தால் தெரியும் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆண்களுக்குப் பேசின் கிடையாது. ஆண்களுக்கு வாய் இல்லையா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சென்ற ஜூலை 8ந் தேதி சனிக்கிழமை, வலது கீழ்க் கடைவாயில் சாய்ந்து முளைத்திருந்த ஞானப்பல்லை ஒரு பல் டாக்டர் எடுத்தார். முக்கால் மணி நேரம் ஆனது. பல் மூன்று துண்டாக வந்தது. டாக்டர், "பாண்டிக்காரிக்கு முப்பத்திநாலு வயசிலாணோ புத்தி முளைச்சது?" என்றார். தமிழ்நாட்டுக்காரர்களை இங்கே மலையாளத்தார் பாண்டி என்றுதான் சொல்வார்கள். கம்பவுண்டரும் சிரித்தார். மரத்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

அதன் பிறகு திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். போகாவிட்டால் என் பாயில் வேறு ஒருத்தி உட்கார்ந்துவிடுவாள். புதன்கிழமை பல் இருந்த குழியிலிருந்து வலி காதுக்கும் நெற்றிக்கும் ஏறியது. என் வாயில் செத்த எலி நாறுகிறது என்று பக்கத்துப் பாய்க்காரி தள்ளி உட்கார்ந்தாள். சாயங்காலம் மறுபடி டாக்டரிடம் போனேன். அவர் பார்ப்பதற்கு முன்பே, புகையிலை போடுகிறவளுக்கு இப்படித்தான் வரும் என்றார். நான் புகையிலை போடுவதில்லை. என் வாய் ஒரு விரல் அளவுதான் திறந்தது. கிராம்பு எண்ணெயில் நனைத்த துணித் திரியைக் குழிக்குள் திணித்து, சனிக்கிழமை வரை எடுக்கக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது என்று சொன்னார். சீட்டு எழுதித் தரக் கேட்டேன். "சீட்டு வாயிக்கான் அறியுமோ நினக்கு?" என்றார். வாசிக்கத் தெரியுமா என்று கேட்கிறார். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். சீட்டு தரவில்லை. பிறகு போலீசார் விசாரித்தபோது, எத்தனையோ பாண்டிக்காரிகள் வருகிறார்கள், எனக்கு நினைவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

மறுநாள் வியாழக்கிழமை எங்களுக்குக் கிராம்பு ஆய்கிற வேலை. சாயங்காலம் வரிசையில் நின்றேன். பெண்களைச் சோதிக்கிற மூக்கம்மாள், "என்ன ஆவுடை, கன்னத்துல கொழுக்கட்டையா அடக்கி வச்சிருக்க? துப்பு" என்றாள். பல் பிடுங்கின புண், டாக்டர் கொப்பளிக்கக் கூடாது என்றார் என்று சொன்னேன். அவள் என் வாயருகே மூக்கை வைத்து, "அண்ணாச்சி, இங்க வாங்க, கிராம்பு மணக்குது" என்று கூப்பிட்டாள்.

சங்கிலிப்பாண்டி வந்து, "பல்லு புடுங்கினவ வாயில ரத்தம் மணக்கும். கிராம்பா மணக்கும்? தொறடி வாய" என்றார்.

"உங்க சட்டையுந்தான் கிராம்பு மணக்குது அண்ணாச்சி. அதையும் கழத்தி உதறுங்க" என்றேன்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் இந்த வழக்கு இல்லை.

அதன் பிறகு மூக்கம்மாள் என் தலையைப் பிடிக்க, சங்கிலிப்பாண்டி மூட்டைக் கொக்கி பிடிக்கிற விரலை என் வாய்க்குள் விட்டுத் திரியை இழுத்தார். பாதி அறுந்து வந்தது. பேசினில் ரத்தமும் சீழும் விழுந்தன. கிராம்பு விழவில்லை. அவர், "மென்னு முழுங்கிட்டா" என்று சொல்லி, அறுந்த திரியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு என்னை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். அங்கே ஏட்டு ஒருவர் மலையாளத்தில் எழுதி, வாசித்துக் காட்டாமல், என் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்று சொன்னேன். தாடை திறக்காமல் சொன்னது அவருக்குப் புரியவில்லையோ என்னவோ. துணியில் சுற்றிய கிராம்பை வாயில் வைத்திருந்ததாக நான் ஒத்துக்கொண்டேன் என்று அதில் எழுதியிருப்பதாக இப்போதுதான் தெரிந்தது.

கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு விட்டார்கள். அன்று ராத்திரியே காய்ச்சல். சனிக்கிழமை கழுத்து வரை வீங்கி எச்சில் விழுங்க முடியாமல் போனதால் என் கணவர் போட்டில் எர்ணாகுளத்துக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். தாடைக்குக் கீழே அறுத்துச் சீழ் எடுத்தார்கள். குழியில் மாட்டியிருந்த மீதித் திரியும் வந்தது. அங்கிருந்த டாக்டரம்மா அதை ஒரு சின்ன பாட்டிலில் போட்டு, இன்னது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு என் கணவரிடம் கொடுத்தார். பதினோரு நாள் இருந்தேன்.

அங்கே சங்கிலிப்பாண்டி ஒரு ஆரஞ்சோடு வந்தார். "ஒத்துக்கிட்டா மொதலாளி மன்னிச்சிருவாரு. உன் பாய் உனக்குத்தான். கோர்ட்டுல எதுத்து நின்னேன்னு வையி, பஜார் ரோட்டுல ஒரு கிட்டங்கி வாசல்லயும் கால் வைக்க முடியாது" என்றார். வாய் திறக்க முடியாதவளுக்கு ஆரஞ்சு வாங்கி வருகிற அறிவைத்தான் அந்தக் கிட்டங்கியில் மேஸ்திரி ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கோர்ட்டார் கேட்டதற்குச் சொல்வது: ஒப்புக்கொள்ளவில்லை. என் கணவர் கொண்டுவந்திருக்கிற பாட்டிலையும், போலீசார் உறைபோட்டு வைத்திருப்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அறுந்த இடம் பொருந்தும். கிராம்பு இருந்தால் காட்டட்டும். இனி எனக்கு அந்த ரோட்டில் வேலை கிடைக்காது என்பது தெரிந்தே இதைச் சொல்கிறேன். எட்டு வருஷம் மூட்டை மூட்டையாகக் கிராம்பு ஆய்ந்தவள், பல் வலித்தபோது அதில் ஒன்றை எடுத்து வாயில் அடக்கியதில்லை. இப்போது அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே இளப்பமாக இருக்கிறது.

எழுதியதைக் குமாஸ்தா வாசிக்க முழுதும் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, பொய் ஒன்றும் இல்லை. மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்கள். வேண்டாம் என்று பேனா கேட்டு வாங்கி எழுதியது:

(ஒப்பம்) பி. ஆவுடையம்மாள்