நாலால் வகுக்கப்பட்ட பிள்ளை

பண்டாரவளை பொலிஸ் நிலையத்தில், 1914ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 15ஆம் திகதி வியாழக்கிழமை, கடமையிலிருந்த சார்ஜன்ட் எழுதிக்கொண்டது.

பெயர்: இப்றாஹீம் மகன் முகம்மது இத்ரூஸ். வயது: நாற்பத்து நான்கு. மதம்: இஸ்லாம். தொழில்: பலசரக்குக் கடை, வாடகை மாட்டு வண்டி. விலாசம்: பெரகலச் சந்தி, அப்புத்தளைப் பாதை.

மேற்படி நபர் கூறுவதாவது:

சின்னராசா என்ற பையன் பண்டாரவளையிலுள்ள விடுதிப் பள்ளிக்கூடத்தில் நலமாக இருக்கிறான். இன்று காலை இந்த நிலையத்திலிருந்து போன கான்ஸ்டபிளிடம் அந்தப் பள்ளிக்கூடத்தின் அதிபர் என் முன்னிலையில் இதைச் சொன்னார். கான்ஸ்டபிள் பையனை நேரிலும் பார்த்தார். அப்போது அவன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். ஆகவே பையனைக் காணவில்லை என்று முறைப்பாட்டில் எழுதியிருப்பது சரியல்ல.

முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அதைக் கொடுத்தவர், பெரகலவுக்குக் கீழே கொஸ்லந்தைப் பாதையிலுள்ள தேயிலைத் தோட்டத்தின் கணக்கப்பிள்ளை இராசையா. தோட்டத்துச் செக்றோலில் வேலைக்குப் பேர் பதிந்த சின்னராசாவை நான் ஆசை காட்டி வண்டியில் கொண்டுபோனேன் என்பது குற்றச்சாட்டு. வண்டியில் கொண்டுபோனது உண்மை. என் மகன் காமிலையும் அதே வண்டியில், அதே சாக்கின் மேல் உட்கார வைத்துத்தான் கொண்டுபோனேன். அவனைக் கடத்தியதாக இதுவரை யாரும் முறையிடவில்லை.

சின்னராசாவுக்கு வயது பதின்மூன்று. அவன் தகப்பன் மாரிசாமி அந்தத் தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். தாய் இராக்கம்மா கொழுந்து பறிக்கிறவள். பையனுக்கு அரைப்பேர் வேலை, அதாவது காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் உச்சிவரை புல்வெட்டினால் பாதி நாள் கணக்கு. சென்ற வருடம் தை மாதம் இராக்கம்மா என் கடைக்கு வந்து, சந்திப் பள்ளிக்கூடத்தில் பகலுக்குப் பிறகும் பிள்ளைகளைச் சேர்க்கிறார்களா என்று கேட்டாள். சேர்ப்பார்கள் என்றேன். அதன் பிறகு பையன் தினமும் புல்வெட்டிவிட்டு, மண் காலோடு பள்ளிக்கூடம் வந்தான். அப்போது அவனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. என் மகன் அதே பள்ளிக்கூடத்தில் நாலாம் வருடம் படித்துக்கொண்டிருந்தான்.

மேல்வகுப்பில் வருடத்துக்கு நாலு பரீட்சை. எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள்தான். சின்னராசாவையும் முதலிலிருந்தே அதில் உட்கார வைத்தார்கள். வயதுக்கேற்ற வகுப்பு என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். முதல் பரீட்சையில் அவனுக்கு ஒன்பது புள்ளி. அடுத்ததில் முப்பத்தைந்து. மூன்றாவதில் எழுபத்து நான்கு. கார்த்திகை மாதம் நடந்த கடைசிப் பரீட்சையில் தொண்ணூற்றிரண்டு. அந்தப் பரீட்சையில் பள்ளிக்கூடத்திலேயே அதுதான் அதிகம். என் மகனுக்கு நாலு பரீட்சையிலும் அறுபதை ஒட்டியே வந்தது. கடைசியில் ஐம்பத்தொன்பது. என் மகன் மோசமான மாணவன் அல்ல. தூங்காமல் படித்தாலும் அறுபது, படிக்காவிட்டாலும் அறுபது.

பண்டாரவளை விடுதிப் பள்ளிக்கூடத்தில் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலிருந்து வருடத்துக்கு ஒரு பையனைச் சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்து இலவசமாகச் சேர்க்கிறார்கள். அங்கே படித்தவர்கள் வாத்தியார் வேலைக்கும் கந்தோர் எழுத்து வேலைக்கும் போகிறார்கள். தோட்டத்துப் பையன் ஒருவனும் இதுவரை அதில் சேர்ந்ததில்லை. மார்கழியில் அந்த ஓர் இடத்துக்கு ஆளைத் தெரிவுசெய்யப் பள்ளிக்கூடக் கமிட்டி கூடியது. கணக்கப்பிள்ளை இராசையாதான் கமிட்டிச் செயலாளர். நானும் அங்கத்தவன். இராசையா கரும்பலகையில் புள்ளிகளை எழுதி, கூட்டி, நாலால் வகுத்தார். காமிலுக்கு அறுபத்தொன்று வந்தது. சின்னராசாவுக்கு ஐம்பத்திரண்டரை. உடனே அவர் என் பக்கம் திரும்பி, "முதலாளி, மகனுக்குப் பெட்டி வாங்கிருங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் முதலில் சிரித்தேன்.

அதன் பிறகு நான் எழுந்து, இப்போது யாருக்கு அதிகம் தெரியும் என்று கேட்டேன். "சராசரி காமிலுக்குத்தான்" என்றார் இராசையா. நான் சராசரியைக் கேட்கவில்லை, யாருக்கு அதிகம் தெரியும் என்று கேட்கிறேன் என்றேன். தலைமை வாத்தியார் சன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

இராசையா பொறுமையாகவே பதில் சொன்னார். அவர் முட்டாள் அல்ல. "நானா, ஒரு பொம்பள வருசம் பூரா பறிச்ச கொழுந்தத்தான நாங்க கூட்டுறோம். கடைசி நாள் கூடைய மட்டும் நிறுத்துப் பாத்து, இவதான் நல்ல பறிகாரின்னு சொல்ல முடியுமா?" என்றார். அதற்கு நான் சொன்னது வருமாறு: "கொழுந்து அன்னைக்கே பெக்டரிக்குப் போயிருது. நேத்துப் பறிச்சது இன்னைக்குக் கூடையில இரிக்காது. படிப்பு அப்படியா? அவன் தையில படிச்சது, மாசியில படிச்சது எல்லாம் அந்தத் தொண்ணூத்திரண்டுக்குள்ளதானே இரிக்கி. எழுத்தே தெரியாம வந்த அன்னைக்கு வாங்கின ஒம்பத எதுக்கு இன்னமும் அவன் தலையில தூக்கி வெக்கிறீங்க?"

நான் மாடு வாங்குகிறவன் என்பதால் மாட்டைக் கொண்டும் சொன்னேன். வண்டிக்கு மாடு பார்க்கும்போது இன்று அது எவ்வளவு இழுக்கிறது என்றுதான் பார்ப்பேன். அது கன்றாக இருந்தபோது இழுக்காமல் விட்ட பாரத்தையும் சேர்த்துக் கூட்டி வகுத்தால் ஊவா மாகாணத்தில் ஒரு மாடும் வண்டிக்கு ஆகாது. கமிட்டியில் இதற்கும் சிரித்தார்கள்.

இராசையா மறுபடியும், "ஒரு நாள் அதிர்ஷ்டத்துல கூட வந்திருக்கும்ல?" என்றார். இது நியாயமான கேள்வி என்று எனக்குப் பட்டது. அப்படியானால் இருவருக்கும் புதிதாக ஒரு பரீட்சை வையுங்கள் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன வார்த்தைகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. "என்ன நானா, ஒங்க மகனுக்கு வந்த எடம். வாய மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போங்க. லயத்துப் புள்ள எல்லாம் போர்டிங்குக்குப் போனா நாளைக்குப் பெரட்டுக்கு யாரு வருவா?" அதன் பிறகு காமிலின் பெயரை எழுதி அனுப்பினார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை.

வீட்டில் இதை என் மனைவி நளீராவிடம் சொன்னேன். அவள் சோற்றை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "பெத்த மகனுக்குக் கிடைச்சத தட்டிப் பறிக்கிற வாப்பாவ நான் இப்பத்தான் பாக்கிறேன்" என்றாள். பறிக்கவில்லை, பரீட்சைதான் கேட்டேன் என்றேன். "பரீட்சையில ஒங்கட மகன் தோப்பான்னு ஒங்களுக்குத் தெரியும். அதுக்குப் பேரு என்ன?" என்றாள். அவள் கேட்டதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு காமிலைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "மொதல்ல நான்தான் அவனுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுத்தேன், வாப்பா. இப்ப அவன்தான் எனக்குப் பின்னக் கணக்குச் சொல்லித் தாறான்" என்றான். நளீரா எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, எப்போது போகிறீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

நான் மாரிசாமியை ஆசை காட்டி அழைக்கவில்லை. அவர் மிளகாய் வாங்க வந்தபோது, இரண்டு பையன்களையும் பண்டாரவளைக்குக் கொண்டுபோய் அதிபரையே சோதிக்கச் சொல்லப் போகிறேன், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன். "இந்தப் பேச்சு வெளிய போனா காம்பராவ விட்டுக் கெளம்பச் சொல்லிருவாங்க, நானா" என்றார். லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் அந்த ஓர் அறையைத் தவிர அவருக்கு வேறு இருப்பிடம் இல்லை. நான் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியும்போது அவரே பையனைக் கூட்டிக்கொண்டு சந்திக்கு நடந்து வந்தார். இராக்கம்மாவும் கூட வந்தாள். பையனுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை சீவியிருந்தது. பொங்கலுக்குத் திரும்பிவிடுவானா என்று அவள் கேட்டாள். தெரியாது என்றேன். அவள் மடியிலிருந்து ஒரு வெல்லக்கட்டியை எடுத்து, இரண்டாக உடைத்து, இரண்டு பையன்களுக்கும் கொடுத்தாள்.

அப்புத்தளை ஏற்றத்தில் பையன்கள் இறங்கி வண்டிக்குப் பின்னால் நடந்தார்கள். அன்று பொழுது சாயும் முன் பண்டாரவளை வந்து, என் மைத்துனர் லத்தீபின் கடையில் தங்கினோம். மறுநாள் திங்கட்கிழமை காலை அதிபரைப் பார்த்து, கமிட்டி அனுப்பியது இந்தப் பையனை, ஆனால் இந்த இருவரில் யார் சிறந்தவன் என்பதை நீங்களே சோதித்துச் சொல்ல வேண்டும் என்றேன். முதலில் அனுப்பிய பையன் யார் என்று கேட்டார். என் மகன் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை மறுபடியும் பார்த்தார். அதன் பிறகு இருவரையும் தனித்தனி மேசையில் உட்கார வைத்து எழுதச் சொன்னார். நான் வெளியே மாடுகளோடு நின்றேன். எழுதி முடிந்ததும் விடைத்தாள்களைப் பூட்டி வைத்துவிட்டு, தீர்மானிக்க வேண்டியது பதுளையில் கூடும் நிருவாக சபை, அதுவரை இரண்டு பேரும் விடுதியில் இருக்கட்டும் என்றார். யாருக்கு எத்தனை புள்ளி என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

திங்கள், செவ்வாய் பொங்கல் விடுமுறை முடிந்து நேற்றுக் காலைப் பெரட்டில் சின்னராசாவின் பேரைக் கூப்பிட்டபோது அவன் இல்லை. நேற்றுப் பிற்பகல் நான் அப்புத்தளை ரயில் நிலையத்தில் தேயிலைப் பெட்டி இறக்கிக்கொண்டிருக்கும்போது பொலிஸார் என்னைப் பிடித்து வண்டியோடு இங்கே கொண்டுவந்தார்கள்.

கேள்வி: பையன் செக்றோலில் இருப்பது உமக்குத் தெரியுமா?

பதில்: தெரியும். பள்ளிக்கூட இடாப்பிலும் இருக்கிறான். ஒன்றில் அவன் அரை ஆள், மற்றதில் ஐம்பத்திரண்டரை. முழு ஆளாக அவனை எதிலும் எழுதவில்லை.

கேள்வி: சனிக்கிழமைக்குள் பையனைத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டால் முறைப்பாட்டைத் திரும்பப் பெறுவதாகக் கணக்கப்பிள்ளை சொல்கிறார். சம்மதமா?

பதில்: சம்மதமில்லை. தகப்பன் வந்து கேட்டால் அந்த நிமிடமே கொண்டுவந்து விடுவேன். கணக்கப்பிள்ளை கேட்டால் கொண்டுவர மாட்டேன்.

கேள்வி: செய்ததற்கு வருந்துகிறீரா?

பதில்: இல்லை. அடுத்த வருடமும் ஒரு பிள்ளையை இப்படி வகுத்துத் தள்ளினால் அடுத்த வருடமும் வண்டி கட்டுவேன். என் மகன் உண்மையிலேயே முந்தியிருந்தால், சின்னராசாவை அதே வண்டியில் அவன் தாயிடம் கொண்டுபோய் விட்டு, பையன் தோற்றான் என்று நானே சொல்வேன். முந்தியவன் சின்னராசாவானால் காமில் என்னோடு கடைக்குத் திரும்புவான். அதைக் காமிலிடம் வண்டியில் வரும்போதே சொல்லிவிட்டேன். அவன், "அப்ப பெட்டிய அவனுக்குக் குடுப்பமா வாப்பா?" என்று கேட்டான். பெட்டி இன்னும் வாங்கவில்லை என்றேன்.

நிருவாக சபை இம்மாதம் 28ஆம் திகதி புதன்கிழமை பதுளையில் கூடும் என்று அதிபர் சொன்னார். இடம் யாருக்கு என்பது அன்று தெரியும். என் வழக்கு பெப்ரவரி 3ஆம் திகதி பதுளை நீதிமன்றத்தில் எடுக்கப்படும் என்று எனக்கு அறிவிக்கப்பட்டது. இரண்டுக்கும் நான் போவேன். மாரிசாமியின் காம்பராவைப் பற்றித் தோட்டத்தில் என்ன முடிவு என்று இன்னும் தெரியவில்லை. அதை யாரிடம் கேட்பது என்றும் எனக்குத் தெரியாது. இந்த நிலையத்து வளவில் கட்டியிருக்கும் என் மாடுகளில் இடது பக்கத்து மாடு தகர வாளியில் தண்ணீர் குடிக்காது. மரத் தொட்டியில் வைக்க வேண்டும்.

எழுதிய இதை எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் "கடத்திச் சென்றேன்" என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். அது வெட்டப்பட்டு "பரீட்சைக்குக் கூட்டிச் சென்றேன்" என்று எழுதப்பட்டது. வெட்டிய இடத்தில் என் கையெழுத்து உண்டு. மற்றவை நான் சொன்னபடியே இருக்கின்றன, நான் சொன்னவை நடந்தபடியே இருக்கின்றன. யாரும் பயமுறுத்தியோ கெஞ்சியோ நான் இதைச் சொல்லவில்லை.

(ஒப்பம்) இ. மு. இத்ரூஸ்